கண்ணுக்கு அறுபது, கைக்கு ஆறு

ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ணம் பழகத் தொடங்குகிறவர்கள் பாதியில் நிறுத்துவது ஏன்? நிறுத்தாமல் தொடர என்ன வழி?

பணி ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே, "அடுத்து என்ன செய்றதா உத்தேசம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பதில்களும் ஏறக்குறைய தெரிந்தவைதான். காசி, ராமேஸ்வரம் போக வேண்டும். காலையில் தவறாமல் நடக்க வேண்டும். பாதியில் விட்ட வயலினைத் தூசி தட்ட வேண்டும். பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட வேண்டும். இந்தப் பட்டியலில் சில ஆண்டுகளாக ஓவியமும் இடம்பிடித்திருக்கிறது. அதிலும் குறிப்பாக, வாட்டர்கலர் எனும் நீர்வண்ணம்.

காரணம் தேடி அலைய வேண்டாம். எண்ணெய் வண்ணம் என்றால் டர்பன்டைன் வாடை வீடெல்லாம் வீசும். ஒரு படம் காய நாள்கணக்கில் ஆகும். ஈசலை நிறுத்த ஒரு மூலையை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். நீர்வண்ணத்துக்குச் சாப்பாட்டு மேசையில் ஓர் ஓரமும் இரண்டு டம்ளர் தண்ணீரும் போதும். மதியச் சாப்பாடு மேசைக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடலாம்.

பலர் நாலைந்து மாதத்தில் ஒரேயடியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் சங்கடம். வண்ணப் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். கேட்டால், "நமக்குக் கை வராது சார். அதெல்லாம் பிறவியிலேயே இருக்கணும்" என்பார்கள். கேட்க அடக்கமாக இருக்கும். ஆனால் வியாதி வேறு, வைத்தியம் வேறு.

தமிழ்நாட்டில் இன்று அறுபதைத் தொட்டிருப்பவர்கள் நல்ல படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. வீட்டில் பைண்டு செய்து வைத்திருந்த பழைய தொடர்கதைகளில் மணியம் 'பொன்னியின் செல்வ'னுக்குக் கொடுத்த முகங்களைப் பார்த்தவர்கள். கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சில்பி வரைந்த 'தென்னாட்டுச் செல்வங்க'ளைப் பார்த்தவர்கள். கோபுலுவின் தஞ்சாவூர் மனிதர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள். சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் நம் மனத்தில் எழும் உருவங்களே எஸ்.ராஜம் வரைந்து தந்தவைதாம். அரை நூற்றாண்டாக வாராவாரம், ஒவ்வொரு தீபாவளி மலரிலும், நம் கண்ணுக்கு இலவசப் பயிற்சி நடந்திருக்கிறது. கோடு எங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே செத்துக் கிடக்கிறது என்பது நமக்குத் தெரியும். காரணம் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

கை அப்படி வளரவில்லை. டிராயிங் பீரியடில் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துகொண்ட வருஷத்தோடு அதன் படிப்பு நின்றுபோனது. ஆக, கண்ணுக்கு அறுபது வயது, கைக்கு ஆறு வயது. ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டுக்கும் ஒரே வயது என்பதால், தான் வரைந்த காக்காயைப் பார்த்து அது துள்ளிக் குதிக்கிறது. நாம் வரைந்த காக்காயில் காக்காய் இல்லை என்பது நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. இந்த வயது வித்தியாசத்தைத்தான் 'திறமை இல்லை' என்று தப்பாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் திறமையில் பாதி ஏற்கெனவே கண்ணில் வந்து சேர்ந்துவிட்டது. மீதியைக் கைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தாமதமாக வந்தவர்கள்

வயதான பிறகு தூரிகை எடுத்தவர்களில் நாம் நன்றாக அறிந்தவர் ரவீந்திரநாத் தாகூர். 1861-ல் பிறந்த அவர், 1924-ல் 'பூரபி' கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தபோது கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பறவைகளாகவும் விநோத மிருகங்களாகவும் ஆக்கினார். அந்தக் கிறுக்கல் மெல்லத் தனி ஓவியமானது. 1930-ல் பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. 1941-ல் மறைவதற்குள் இரண்டாயிரத்துக்கும் அதிகமான படங்களை வரைந்திருந்தார். பெரும்பாலும் மையும் வண்ண மையும் நீர்வண்ணமும்தான். வீட்டிலேயே அவனீந்திரநாத் போன்ற பெரிய ஓவியர்கள் இருந்தும் அவர்களைப் போல வரைய அவர் முயலவே இல்லை. தன் கைக்கு எது வந்ததோ அதிலிருந்து தொடங்கினார்; தன் கண்ணையும் அதையே பார்க்கப் பழக்கினார்.

அமெரிக்காவின் 'கிராண்ட்மா' மோசஸ் வேறு வகை. 1860-ல் பிறந்த பண்ணை வீட்டுப் பெண்மணி. நூலால் படங்களைப் பின்னிக்கொண்டிருந்தவருக்கு மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போகவே, எழுபதுகளின் கடைசியில் தூரிகைக்கு மாறினார். 1940-ல் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி. 101 வயதில் 1961-ல் மறைந்தார். அவர் வரைந்தது எண்ணெய் வண்ணத்தில். ஆனாலும் நமக்கு அவரிடம் ஒரு பாடம் இருக்கிறது. அவர் கை வெறுங்கையாக வரவில்லை. பல ஆண்டுப் பூத்தையல் அதில் இருந்தது.

இதைப் படிக்கும்போது நம் ஊர்ப் பெண்களின் நினைவு வராமல் இருக்காது. ஐம்பது வருஷம் வாசலில் கோலம் போட்ட கைக்கு ஆறு வயது என்று சொல்ல முடியுமா? அழிக்காமல், நிறுத்தாமல், அளவு பார்த்து ஒரே இழுப்பில் வளைவை முடிக்கத் தெரிந்த கை அது. வகுப்புகளில் பென்சில் கோட்டில் ஆண்களைவிடப் பெண்கள் வேகமாக முன்னே போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களுக்கு வேறொரு தொல்லை வரும். நீர்வண்ணம் கோட்டை நம்பி நிற்பதல்ல. ஈரமான வண்ணத் திட்டுகளை நம்பி நிற்பது. எல்லாவற்றையும் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும் என்ற பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால்தான் திட்டும் திட்டும் ஒன்றில் ஒன்று கரையும்.

தொட்டால் கெடும்

நீர்வண்ணத்தின் சமாசாரம் எளிமையானது. நன்றாக அரைத்த நிறமி, அதைத் தாளில் பிடித்து வைக்க கோந்து. அந்தக் கோந்து ஆப்பிரிக்க வேல மரங்களில் வடியும் பிசின். உலகச் சந்தைக்கு அதிகமாகப் போவது சூடானிலிருந்து. இவற்றோடு தண்ணீர் சேர்ந்தால் வண்ணம் ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாகிறது. வெளிச்சம் அதனூடே போய்த் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. நீர்வண்ணப் படங்களின் பளிச்சென்ற தன்மைக்கு இதுதான் காரணம். இங்கே வெள்ளை என்பது தாள். வேட்டியின் வெள்ளையும் கோபுரக் கலசத்தின் மினுக்கும் வேண்டுமானால், அந்த இடத்தை முதலிலேயே தொடாமல் விட வேண்டும். வெளிறிய நிறத்திலிருந்து அழுத்தமான நிறத்துக்குப் போகலாம். திரும்பி வர வழி கிடையாது.

ஆக, செலவில் எளியது, செய்கையில் கடினமானது. எண்ணெய் வண்ணத்தில் தப்பை மூடி மறைத்துவிடலாம். இங்கே தப்பு கடைசிவரை தெரியும்.

நான் போகும் வகுப்பில் மாஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். மாணவர்கள் எல்லாரும் அவருடைய அப்பா வயதுக்காரர்கள். அவர்களில் ஒருவர் கணக்குத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைய பாடம் வானம். தாளை ஒட்டிய பலகையை லேசாகச் சாய்த்து வைத்து, மேலே அடர் நீலத்தில் தொடங்கி, இறங்க இறங்கத் தண்ணீரைக் கூட்டி வெளிறச் செய்ய வேண்டும். ஒவ்வொரு இழுப்பின் கீழ் விளிம்பிலும் வண்ணநீர் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அதைத் தொட்டு இறக்கிக்கொண்டு வர வேண்டும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிசிறில்லாமல், அழகாக இறக்கிவிட்டார். அப்புறம்தான் வலது மேல்மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளிறல் அவர் கண்ணில் பட்டது. பிரஷ்ஷை நனைத்து அங்கே ஒரு சொட்டு நீலம் வைத்தார். தாள் அதற்குள் பாதி காய்ந்திருந்தது; பிரஷ்ஷில் ஈரம் அதிகம். புதுத் தண்ணீர் பழைய நிறமியை நாலா பக்கமும் தள்ளிக்கொண்டு போய், ஓரமெல்லாம் ரம்பம் வைத்தாற்போல ஒரு திட்டு விரிந்தது. வகுப்பில் இதற்குப் பெயர் காலிஃப்ளவர்.

"அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கலாமே சார்" என்றார் மாஸ்டர்.

"தப்பு கண்ணுல படுதே மாஸ்டர், எப்படி விடறது?"

"காயட்டும் சார். காஞ்சா பாதித் தப்பு தானா போயிடும். மீதியை மேகம்னு சொல்லிக்கலாம்."

சிரித்தோம். ஆனால் இந்தப் பதிலில் தொழில் நுட்பமும் இருக்கிறது. நீர்வண்ணம் ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்த பிறகு வெளிறித் தெரியும். ஈரத்தில் உறுத்துகிற வேற்றுமை பல நேரம் காய்ந்ததும் மறைந்துவிடும். தாளைச் சாய்வாகப் பார்த்தால் ஈரத்தின் பளபளப்புத் தெரியும். பளபளப்பு இருக்கும்வரை தொடலாம். பளபளப்பு மங்கியதிலிருந்து முழுதாகக் காயும்வரை தொடவே கூடாது. காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் புறங்கையைத் தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நேரத்தில் எழுந்து போய்க் காபி போடுவது உத்தமம்.

முப்பத்தைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து தப்பைக் கண்டதும் சிவப்பு மையில் சுழித்துப் பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் மிகக் கஷ்டமான பாடம். கண் உடனே குறை கண்டுபிடிக்கிறது. கை உடனே ஓடுகிறது. படம் கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான்.

பணத்தைத் தாளில் போடுங்கள்

தொடங்குகிறவர்கள் கடைக்குப் போனதும் முப்பத்தாறு நிறப் பெட்டியை வாங்கிக்கொண்டு, தாளுக்குப் பேரனின் டிராயிங் நோட்டை எடுத்துக்கொள்கிறார்கள். இது தலைகீழ். மெல்லிய டிராயிங் ஷீட்டில் தண்ணீர் பட்டதும் அது அப்பளமாகப் பொருமும். பள்ளத்தில் வண்ணம் குட்டையாகத் தேங்கும். அதில் எந்த மேதையாலும் ஒரு வானத்தைச் சீராக இறக்க முடியாது. கையின் குறை என்று நாம் நினைப்பதில் கணிசமான பங்கு தாளின் குறை.

வாங்க வேண்டியது 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, முழுக்கப் பருத்தியில் செய்த தாள். மரக்கூழ்த் தாளைவிட விலை அதிகம்தான். ஆனால் ஈரத்தை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கும்; ஏறிய வண்ணத்தை ஈரப் பிரஷ்ஷால் ஓரளவு திரும்ப எடுக்கவும் விடும். மெதுவான கைக்கு இந்த இரண்டும் பெரிய சலுகை. வழவழப்பு, நடுத்தரச் சொரசொரப்பு, முரடு என்று மூன்று வகை உண்டு, தொடங்க நடுத்தரம். 22-க்கு 30 அங்குல முழுத்தாளை வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால் ஏழரைக்குப் பதினொன்று அளவில் எட்டுத் தாள் கிடைக்கும். இரண்டு பக்கமும் வரையலாம். நம் பக்கத்தில் புதுச்சேரி கைவினைத் தாளுக்குப் பேர்போன ஊர். அவற்றில் நீர்வண்ணத்துக்குத் தோதானதா என்று கேட்டு வாங்க வேண்டும். அழைப்பிதழுக்கான தாள் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

நிறங்கள் ஆறு போதும். ஒரு எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஓகர், ஒரு கிரிம்சன், அல்ட்ராமரைன், பிரஷ்யன் புளூ, பர்ன்ட் சியன்னா. கறுப்பும் வெள்ளையும் இப்போதைக்கு வேண்டாம். பள்ளிக் கேக் கலரில் நிறமி குறைவு, நிரப்பி அதிகம் என்பதால் எவ்வளவு குழைத்தாலும் சுண்ணாம்புத்தனம் போகாது. டியூப் கலரே நல்லது. கிரிம்சனில் 'அலிசரின்' என்று மட்டும் போட்டிருப்பது வெயிலில் வெளிறக்கூடியது. 'பெர்மனன்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுங்கள். சந்தேகம் இருந்தால், தாளில் ஒரு பட்டை இழுத்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். நம் ஊர் வெயில் பொய் சொல்லாது.

பிரஷ் இரண்டு போதும்: கூர்நுனி உள்ள பெரிய உருண்டை பிரஷ் ஒன்று, ஓர் அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று. செயற்கை இழையே நன்றாக இருக்கிறது. "கீரி முடி சார், ஒரிஜினல்" என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். கீரி வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் பிராணி. அதன் முடியில் செய்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். 2019-ல் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் நாடு முழுக்கச் சோதனையே நடந்தது. இன்னொன்று: பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டாம். காட்மியம், கோபால்ட் கலந்த நிறங்கள் உடம்புக்கு ஆகாது.

கண்ணாடி, நடுக்கம், முழங்கால்

இருபது வயதில் தொடங்குகிறவருக்கு இல்லாத சில கணக்குகள் நமக்கு உண்டு. முதலாவது கண். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கும். நீலமும் ஊதாவும் மங்கித் தெரியும். ஓவியர் குளோத் மோனேவுக்கு இரு கண்ணிலும் புரை வளர்ந்த காலத்தில் அவர் படங்களில் செம்மையும் பழுப்பும் ஏறிக்கொண்டே போயின. 1923-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு நீலங்கள் திரும்ப வந்தன. உங்கள் படத்தில் செம்மையோ பழுப்போ தூக்கலாக இருப்பதாக வீட்டில் சொன்னால் அவர்கள் ரசனையைக் குறை சொல்லாமல் கண் மருத்துவரைப் பாருங்கள். ராத்திரி டியூப்லைட்டில் வண்ணம் கலப்பதைத் தவிர்த்து, பகலில் ஜன்னலோரம் உட்காருங்கள்.

பைஃபோகல் கண்ணாடி இன்னொரு தொல்லை. தூரத்துக் கோபுரத்தை மேல் பாதியில் பார்த்து, மடியில் இருக்கும் தாளைக் கீழ்ப் பாதியில் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிக்கும். தாளைச் சாய்வுப் பலகையில் கொஞ்சம் தள்ளி, உயர்த்தி வைத்தால் பாதித் தொந்தரவு தீரும்.

கை நடுக்கம் உள்ளவர்கள் பலர் ஓவியம் நமக்கில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சின்னப் பிரஷ்ஷை நுனியில் பிடித்து விரலால் வரைந்தால்தான் நடுக்கம் பெரிதாகத் தெரியும். பெரிய பிரஷ்ஷைப் பின்னால் தள்ளிப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்துப் பாருங்கள். கோடு ஓட்டமாக வரும். கொஞ்சம் நெளிந்தால்தான் என்ன? மரக்கிளை எந்த ஊரில் ஸ்கேல் வைத்து வளர்கிறது?

முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை: தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வரைவது பார்க்க அழகு. ஒரு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது தெரியும். மேசையே நல்லது.

மூளைக்கு நல்லதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் அறுபது வயதுக்காரர்கள் எதையும் தொடங்குவதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 256 பேரைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் கவனித்து, 2015-ல் 'நியூராலஜி' இதழில் முடிவை வெளியிட்டார்கள். நடுவயதிலும் முதுமையிலும் ஓவியம், சிற்பம் போன்ற கலைகளில் ஈடுபட்டவர்களுக்கு ஞாபகமும் சிந்தனையும் லேசாகக் குறையத் தொடங்கும் அபாயம் 73 சதவீதம் குறைவாக இருந்தது. இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படம் வரைந்ததால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் படம் வரைய முடிந்ததா என்று இவ்வகை ஆய்வு பிரித்துச் சொல்லாது.

அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியில் நடந்த ஆய்வு சிறியது. ஆனால் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. ஓய்வு பெற்ற 28 பேர், பத்து வாரம். பாதிப் பேர் கையால் ஓவியம் செய்தார்கள். மீதிப் பேர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து விவாதித்தார்கள். மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு வலுப்பட்டது முதல் குழுவினருக்குத்தான். கண்ணை மட்டும் பழக்குவதை நாம் அரை நூற்றாண்டாகச் செய்துவிட்டோம். இனிக் கையின் முறை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இரண்டு கெட்ட நண்பர்கள்

ஒன்று, யூடியூப். நல்ல ஆசிரியர்கள் அதில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேகப்படுத்திய வீடியோவில் வானம் பத்து விநாடியில் காய்ந்துவிடும். அந்த இருபது நிமிடக் காத்திருப்பை வெட்டி எறிந்துவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். நீர்வண்ணத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதே அந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது. அதுமட்டுமல்ல, வீடியோ பார்ப்பது மறுபடியும் கண்ணுக்குத்தான் பயிற்சி. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு வயது ஏறும். கை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு வீடியோ பார்த்தால் அதே பாடத்தை மூன்று தாளில் செய்துவிட்டுத்தான் அடுத்தது என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, குடும்ப வாட்ஸ்அப் குழு. படத்தைப் போட்ட மறுநிமிடம் சம்பந்தி வீட்டிலிருந்து ஆறு கைதட்டல், அத்தை பையனிடமிருந்து "சூப்பர் மாமா!" சந்தோஷம்தான். ஆனால் காலிஃப்ளவர் விழுந்த வானத்துக்கும் அதே ஆறு கைதட்டல்தான் வரும். சில நாளில் நம் கை கைதட்டல் வாங்கிய படத்தையே திரும்பத் திரும்ப வரையத் தொடங்கும்: சூரிய உதயம், ஒரு படகு, இரண்டு தென்னை மரம். படத்தின் பின்னால் தேதி எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அதைவிட நேர்மையான விமரிசகர் கிடைக்க மாட்டார்.

வெளியே போனால்

புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் நிழலெல்லாம் கறுப்பாகத் தெரியும்; கேமரா அப்படித்தான் பிடிக்கும். நிழலில் நிறம் இருக்கிறது என்பதை நேரில் உட்கார்ந்தால்தான் பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு மாமல்லபுரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. காலை வெயிலில் ரதங்களின் கருங்கல் ஒரு பக்கம் தேன் நிறத்தில் இருக்கும். மறுபக்கம் நீலம் கலந்த சாம்பல். முதல் பக்கத்துக்கு யெல்லோ ஓகரில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா சேர்த்து, நிறைய தண்ணீர். அது காய்ந்த பிறகு நிழலுக்கு அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் தட்டில் முழுக்கக் குழைக்காமல், தாளிலேயே ஒன்றுக்கொன்று முட்டவிட வேண்டும். அல்ட்ராமரைனின் துகள் தாளின் சின்னச் சின்னக் குழிகளில் போய் உட்காரும். சியன்னா மேலே நிற்கும். ஒரு கோடுகூடப் போடாமல் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். கறுப்பு டியூப் எதற்கு வேண்டாம் என்பது அப்போது புரியும்.

ஊருக்கு ஊர் தண்ணீரின் குணம் மாறும். கடற்கரையில் காற்றின் ஈரத்தால் ஒரு படலம் காய வெகுநேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். மே மாத மதுரையில் பிரஷ் தாளின் குறுக்கே போய்ச் சேருவதற்குள் ஆரம்பித்த இடம் காய்ந்துவிடும். தாளை முதலிலேயே இரு பக்கமும் நனைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். ஐப்பசி மழையில் தாளே கெட்டுப்போகும். ஈரம் ஏறினால் மேல்பூச்சு போய், வண்ணம் திட்டுத் திட்டாக ஊறும். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் தாளோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது நல்ல உபாயம்.

தெருவில் உட்கார்ந்தால் கூட்டம் சேரும். "பத்திரிகையா சார்?" என்பார்கள். "எங்க டீக்கடையையும் போடுங்க" என்பார்கள். ஒரு பையன் முகத்தைத் தாளுக்குள் விட்டுப் பார்ப்பான். கூச்சம் இரண்டு நாளில் போய்விடும். பார்ப்பவர்களுக்கு நம் கையின் வயது ஒரு பொருட்டே இல்லை. ஒருவர் உட்கார்ந்து வரைகிறார் என்பதே அவர்களுக்குப் போதுமான அதிசயம்.

ஓராண்டு விடாமல் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கை தேறியிருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள்; திருப்தி வந்ததா என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். கண்ணும் சும்மா இருப்பதில்லை என்பதுதான் காரணம். முன்பு 'நல்ல படம்' என்று மட்டும் சொன்ன கண், இப்போது சில்பி நிழலை எங்கே விட்டார், எங்கே இறுக்கினார் என்று பார்க்கிறது. கை ஓரடி வைத்தால் கண்ணும் ஓரடி வைக்கிறது. இடைவெளி மூடும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். மூடாது என்று தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தாளை வெட்டுகிறார்கள்.

முதல் மூன்று மாதத்துக்கு ஒரு பாடத்திட்டம்

• முதல் மாதம் படமே வேண்டாம். சீரான படலம், மேலிருந்து கீழே வெளிறும் படலம், ஈரத்தில் ஈரம் — இந்த மூன்று மட்டும். சின்னத் தாள், பெரிய பிரஷ்.

• இரண்டாம் மாதம் ஒரே நிறம். பர்ன்ட் சியன்னாவோ அல்ட்ராமரைனோ ஒன்றை மட்டும் வைத்துச் செம்பு, எலுமிச்சை, முட்டை, வாசல்படி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது வெளிச்சம், எது நிழல் என்று பிரியும்.

• மூன்றாம் மாதம் ஆறு நிறம். ஒரே பொருளைக் காலையிலும் மாலையிலும் வரையுங்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் முருங்கை மரமே போதும்.

• ஒரு டம்ளர் பிரஷ் கழுவ, இன்னொன்று நல்ல தண்ணீருக்கு. குடிக்கும் டம்ளர் மூன்றாவது. அதைத் தள்ளி வையுங்கள்.

• வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரத்தைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் கைக்கு நல்லது.

• கெட்ட படத்தைக் கிழிக்க வேண்டாம். பின்பக்கம் காலியாக இருக்கிறது. தாளின் விலை உங்களுக்கே தெரியும்.